லோடருக்குத் தண்ணி காட்டின கதை

மூணு பேரும் கண்ணு சிமிட்டாமப் பாத்துக்கிட்டு இருக்கும்போதே இன்ஜின் சூடு காட்டுற முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிருச்சு. லோடருக்குப் பின்னாடி புஸ்ஸுன்னு ஆவி கெளம்புச்சு.

ஓட்டிக்கிட்டிருந்த சென்னியப்பனுக்கு ஒண்ணுமே புரியல. காலையில சாவியக் குடுக்கும்போது மொதலாளி சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: சூட்டு முள்ளு சிவப்புக்குப் போகாமப் பாத்துக்கோணும். அவனும் பாத்தான். தன் கண்ணு மட்டும் பத்தாதுன்னு கூட வேலை பாக்குற மயில்சாமியையும் துரையனையும் ரெண்டு பக்கமும் தொத்திக்கிட்டுப் பாக்கச் சொன்னான். இதுக்கு மேல ஒரு முள்ளை எப்படித்தான் பாக்கறது?

இது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காநார் மில்லு. லோடர் சின்னதுதான். சக்கரத்துக்குப் பதிலா ரப்பர் பட்டை, முன்னாடி அகலமா ஒரு பக்கெட். களத்துல குமிஞ்சு கெடக்குற நார்த்தூளை அள்ளி ஷெட்டுல கொட்டோணும், அவ்ளோதான் வேலை. சென்னியப்பனுக்கு டிரைவரா இதான் மொத நாளு. இன்ஜின் போச்சுன்னா சாவியும் போயிரும், பழையபடி மட்டை பொறுக்கோணும். மொதலாளி மத்தியானம் வந்துருவாரு.

மெக்கானிக் ரசாக் பாய்க்குப் போன் போட்டாங்க. அவரு ஏதோ லாரிக்கு அடியில படுத்துக்கிட்டு, ஆஃப் பண்ணு, சூடு ஆறுனதும் வண்டிக்குத் தண்ணி காட்டுன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

ஆஃப் பண்ணாங்க. துரையன் ஒரு வாளி நெறையத் தண்ணி மோந்துட்டு வந்து லோடருக்கு நேரா தூக்கிப் பிடிச்சான்.

"பாக்குதா?"ன்னான் சென்னியப்பன்.

"எங்க பாக்குது. லைட்டே போடலியே."

லைட்டப் போட்டாங்க. இப்பப் பாத்துச்சு. ஆனா குடிக்கல.

மயில்சாமி ரொம்ப நேரம் தாடையத் தடவி யோசிச்சான். "வெறுந்தண்ணியக் காட்டுனா எங்கூட்டு எருமையே மூஞ்சியத் திருப்பிக்கும். புண்ணாக்குக் கரைக்கோணும் மாப்ள."

"டீசல் குடிக்கிற வண்டிடா. புண்ணாக்கு ஒத்துக்குமா?"ன்னான் சென்னியப்பன்.

"கடலப் புண்ணாக்குன்னா வயித்தப் புடுங்கும். தேங்காப் புண்ணாக்கு பரவால்ல. தேங்கா மில்லுலதான பொழங்குது."

அது நியாயமாப் பட்டுச்சு. துரையன் கடைக்கு ஓடி, புண்ணாக்கு வாங்கிட்டு வந்து ஊற வெச்சு, கரைச்சு, மறுபடியும் தூக்கிப் பிடிச்சப்போ ஒரு மணி நேரம் ஆயிருச்சு. சும்மா நின்ன இன்ஜின் தானாவே ஆறிப்போயி முள்ளு கீழ எறங்கியிருந்துச்சு. வாசத்துக்கே எறங்கிருச்சு பாருன்னு மயில்சாமிக்கு ஒரே பெருமை.

அப்பப் பாயே கூப்புட்டாரு. வண்டி எவ்ளோ குடிச்சுதுன்னாரு. ஒரு சொட்டுக் குடிக்கலீங்கன்னான் சென்னியப்பன். அப்பத் தண்ணி கொறையல, ரேடியேட்டர்ல நார்த்தூள் அடைச்சிருக்கும், பின்கதவத் தொறந்து நல்லா ஊதி வுடுன்னாரு.

கதவுகிட்ட கம்ப்ரஸர் பைப்பு ஒண்ணு குறுக்க கெடந்துச்சு. காத்தடிக்கிற பைப்பு. எடஞ்சலா இருக்குதுன்னு அதைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டு, மூணு பேரும் வாயால ஊதுனாங்க. தூளு பூராவும் மூஞ்சிக்கே வந்துச்சு.

மொதலாளி வந்து எறங்கினப்போ அங்க மூணு தேங்காமட்டைதான் நின்னுச்சு.

"சென்னியப்பன் எங்கடா?"ன்னாரு.

சென்னியப்பனும் சுத்திமுத்திப் பாத்துட்டு, "இப்ப இங்கதானுங்க இருந்தான்"னான்.

அவரு முள்ளைப் பாத்தாரு, நல்லாத்தான் இருந்துச்சு. வெயில்ல போட்டு வண்டிய வாட்டாதீங்க, நெழல்ல வெச்சு வேலை பாருங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. சாவியக் கேக்கவே இல்ல. சென்னியப்பனுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

ஒடனே லோடரை வேப்பமரத்தடியில கொண்டு போயி நிறுத்துனான். தூளு கெடக்குறது நடுவெயில்ல. அதனால மூணு பேரும் கூடையில அள்ளித் தலையில சொமந்துட்டு வந்து லோடர் பக்கெட்டுல கொட்டுனாங்க. ரொம்புனதும் சென்னியப்பன் ஏறி ஒக்காந்து, பக்கெட்டை ஒருதடவை ஜம்முன்னு மேல தூக்கிக் கீழ எறக்குனான். அப்புறம் அதுல இருந்து மறுபடியும் கூடைக்கு மாத்தி ஷெட்டுக்குச் சொமந்தாங்க.

சாயங்காலம் வரைக்கும் முள்ளு அசையல. ஆனா பாதி வேலைதான் முடிஞ்சுச்சு. சென்னியப்பன் மொதலாளிக்குப் போன் போட்டு, பணிவாத்தான் சொன்னான்: "வண்டி அருமையா ஓடுதுங்க. இதுமாதிரி இன்னொண்ணு வாங்குனா, இன்னும் மூணு பேரு சொமக்கலாமுங்க."

ஏனுங்க, உங்க பக்கம் ஒரு லோடருக்கு எத்தனை பேரு சொமக்கறீங்க?