கஜபதியின் டோக்கன் பட்டன்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் கஜபதி என்று ஒரு மேனேஜர். "பகல் ஷிப்டும் நான்தான், இரவு ஷிப்டும் நான்தான்" என்று பீற்றிக்கொள்வார். கம்ப்யூட்டர் பதிவிலும் தன் பெயருக்கு நேரே இரண்டையும் போட்டிருந்தார்.

கேன்டீன் வெப்சைட்டில் சாப்பாட்டு டோக்கன் எடுக்கும் பட்டனை இரண்டு ஷிப்ட்காரர்களுக்கும் காட்ட வேண்டும். நிபந்தனையை அவரே எழுதினார்: காட்டு="பகல் && இரவு". நடுவிலுள்ள குறிக்கு, ஒரே ஆளிடம் இரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள். அவரைத் தவிர மற்ற அறுநூறு பேருக்கும் பட்டன் வரவில்லை.

"எனக்கு வருதே!" என்று பக்கத்தைப் பராமரிக்கும் சகாயமேரியிடம் சீறினார். "என் நிபந்தனையில ஒரு எழுத்தைத் தொடக் கூடாது. பன்னிரண்டு மணிக்குள்ள எல்லாருக்கும் வரணும். இல்லைன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"தொடவே மாட்டேன் சார்" என்றாள் அவள். நிபந்தனைக்கு முன்னால் இருந்த 'காட்டு' என்பதை மட்டும் 'மறை' என்று மாற்றினாள்.

பன்னிரண்டு மணிக்கு அறுநூறு பேர் போனிலும் பட்டன் வந்திருந்தது. பகல் ஷிப்ட்காரர்கள் டோக்கனோடு சாப்பிட உட்கார்ந்தார்கள். கஜபதி மட்டும் போனைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"என் பட்டன் எங்கே?"

"நீங்க எழுதினது அப்படியே இருக்கு சார். ரெண்டு ஷிப்டும் பார்க்கிற ஆளுக்கு மட்டும் மறைச்சிடும். அப்படி இருக்கிறது நீங்க ஒருத்தர்தானே? சீக்கிரம் ஒரு ஷிப்டை விட்டுக்கொடுங்க சார், சாம்பார் தீரப்போகுது."