உலை ஊதிய கரடி

அந்தக் காலத்தில், மிருகமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், உலைக்காட்டு ஊரார் கரிச்சி என்ற கரடிக்குச் செய்தது சுத்த அநியாயம். அவர்கள் இரும்பு உருக்க மூச்சைக் கொடுத்தவள் அவள். அவள் பெயரை மட்டும் அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

மலைமேல் நடுக்காட்டில் முப்பது குடிசை. புற்றுமண்ணைக் குழைத்து ஆளுயர உலை கட்டுவார்கள். மேலே கரியும் இரும்புக்கல்லும் கொட்டுவார்கள். அடியில் ஒரு துளை. அதில் வாய்வைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கரிச்சி ஊதுவாள். கரி படிந்து அவள் மேனி கறுத்தது. சாம்பல் படிந்து மூக்கு வெளுத்தது.

இரும்பு வெளியே வந்ததும், ஊர் மூப்பன் காராளன் வேலை செய்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பான். அழைக்கப்பட்டவர் வந்து சுடச்சுட அந்த இரும்பில் ஓர் அடி போடுவார். அந்த அடி விழுந்தால்தான் அவர் ஊரில் ஓர் ஆள். கல் வெட்டியவனுக்கு அழைப்பு உண்டு, கரி சுட்டவளுக்கு உண்டு, கரி சுமந்த கழுதைக்குக்கூட உண்டு! அது வந்து குளம்பால் ஓர் உதை விட்டுப் போகும். உலைக்குப் பின்னால் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் இல்லை.

ஏழாம் வருஷம் கரிச்சி கேட்டேவிட்டாள். "மூப்பரே, என் பேரை எப்பக் கூப்பிடுவீங்க?"

காராளன் சிரித்தான். "மூச்சு விடறதெல்லாம் ஒரு வேலையா புள்ள? நானுந்தான் தூங்கறப்ப விடறேன்."

"அதுவும் ஊருக்கே கேக்கற மாதிரி!" என்றாள் கரி சுடும் வெள்ளச்சி. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

கரிச்சி சிரிக்கவில்லை. வாதாடவும் இல்லை, அதற்கு அவளிடம் மூச்சு மிச்சமில்லை.

அடுத்த உலை மூட்டினார்கள். கல் சிவந்து இளகும் நேரம். கரிச்சி துளையிலிருந்து வாயை எடுத்தாள். எழுந்தாள். காட்டுக்குள் நடந்தாள்.

ஊர் பதறியது. பத்துப் பேர் மூங்கில் குழல் வைத்து ஊதிப் பார்த்தார்கள். கன்னம் வீங்கியதுதான் மிச்சம். கல்லும் கரியும் ஒரே கட்டியாய் உறைந்தன. அடுத்த உலையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

காட்டில் கரிச்சிக்குத் துணை யாருமில்லை. மானிடம் பேசப் போனால், அவள்மேல் அடித்த புகை நாற்றத்துக்கு அது ஓட்டமெடுத்தது. விடிந்தால் நெஞ்சு தானாக விம்மும். ஊத உலை இல்லை. தாங்காமல் ஒருநாள் ஒரு புற்றின் துளையில் வாய்வைத்து ஊதினாள். உலை கட்டிய அதே மண். உள்ளே தீ எழும் என்று நினைத்தாளோ என்னவோ. எழவில்லை. புழுதிதான் பறந்தது. மூச்சை உள்ளே இழுத்தபோது வாய் நிறையக் கறையான் வந்தது. நல்ல பசி. தின்றாள்.

அப்போதுதான் காராளன் வந்தான். பின்னால் ஊரார் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். இரும்பில்லாத ஊரில் இருந்து என்ன செய்வது?

"கரிச்சி!" என்றான், முதல்முறையாக. "கரிச்சி, வா தாயி. இனி முதல் அடி உன்னோடதுதான். நீ வந்தா ஊர் நிக்கும்."

ஏழு வருஷம் காத்திருந்த பெயர். இப்போது கேட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. பதிலை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் புற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊர் மலையிறங்கிப் போனது. இன்று அங்கே உறைந்த கட்டிகள்தாம் புல்லுக்குள் கிடக்கின்றன. அன்று முதல்தான் கரடிகள் புற்றுக்குப் புற்று தனியாக அலைந்து, ஊதி, உறிஞ்சி, அவள் காராளனுக்குச் சொன்ன பதிலை நடத்திக் காட்டிக்கொண்டிருக்கின்றன:

"இனி என் மூச்சு என் வயித்துக்கு."