ஒட்டகம் விழுங்கிய உயிரெழுத்துகள்

ஒட்டகமும் மனிதனும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், பாலைவனத்தைக் கடந்து உப்பு விற்றுவந்தான் சஃப்வான் என்ற வியாபாரி. அவனுடைய ஒட்டகங்களில் மூத்தவள் நஹ்லா. ஊற்று எங்கே என்று ஒட்டகங்கள் மோப்பத்திலேயே அறிந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும். சஃப்வான் அதை ஒட்டுக்கேட்டு முன்னால் ஓடுவான். தன் தோற்பைகளையெல்லாம் நிரப்பிக்கொண்டு, அடியில் கிடக்கும் சேற்றை அவற்றுக்கு விடுவான்.

ஒரு கோடையில் சேறுகூட மிஞ்சவில்லை. நாக்கு வறண்டு நஹ்லாவின் குட்டி செத்துப்போனது.

"நாங்கள் பேசியதைக் கேட்டே என் பிள்ளையைக் கொன்றுவிட்டாயே!" என்று கத்தினாள் நஹ்லா.

"குட்டிதானே, இன்னொன்று போடுவாய்" என்றான் அவன்.

நஹ்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனுக்கு விளங்காத புதுமொழி ஒன்றை உண்டாக்கத் தொடங்கினாள். ஹ், க், த் என்று கரடுமுரடான மூன்று மெய்யெழுத்துகளை எடுத்தாள். அவற்றுக்கு நடுவே உயிரெழுத்துகளை மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஹகத் என்றால் தண்ணீர். ஹாகித் என்றால் குடிப்பவர். ஹுகூத் என்றால் ஊற்று" என்று மற்ற ஒட்டகங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்படி மும்மூன்று மெய்களிலிருந்து ஒரு மொழியே வளர்ந்தது. சஃப்வான் ஒன்றும் புரியாமல் விழித்தான். ஒட்டகங்கள் முந்திப் போய் வயிறாரக் குடித்தன.

சஃப்வான், வாசில் என்ற ஒட்டகத்தைத் தனியே அழைத்தான். "அந்த மொழியைச் சொல்லிக்கொடு. உன் முதுகில் இனி மூட்டையே ஏற்றமாட்டேன்." வாசிலின் முதுகெல்லாம் புண். சொல்லிக்கொடுத்துவிட்டான்.

மறுநாள் நஹ்லாவின் எதிரே வந்து நின்று, "ஹுகூத் எங்கே?" என்று சிரித்தான் சஃப்வான்.

நஹ்லா கொதித்தெழுந்தாள். "தண்ணீரைப் பறித்தாய், பிள்ளையைப் பறித்தாய், இப்போது இதையுமா? மெய்யை நீயே வைத்துக்கொள். உயிரை நான் தரமாட்டேன்!" என்று தன் உயிரெழுத்துகள் அத்தனையையும் ஒரே வாயில் விழுங்கினாள். மற்ற ஒட்டகங்களும் விழுங்கின. தலைகுனிந்து நின்ற வாசிலும் விழுங்கினான். புதுமொழியோடு பழைய பேச்சும் போயிற்று.

"ஒரு சொல்லாவது சொல்!" என்று கெஞ்சினான் சஃப்வான். க்ர்ர்ஹ் என்ற சத்தம்தான் வந்தது. ஊற்றைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லாமல் ஒட்டகங்களின் கயிறுகளை அவிழ்த்துவிட்டு அவற்றின் பின்னால் நடந்தான். அவை குடித்து முடிக்கும்வரை காலித் தோற்பையோடு வெயிலில் காத்து நின்றான்.

அன்று முதல்தான், முதுகில் மூட்டை ஏறும்போதெல்லாம் ஒட்டகம் தொண்டைக்குள்ளேயே உறுமுகிறது. ஏசுவதற்கு எவ்வளவோ இருந்தும், மனிதனுக்குப் புரியும்படி ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.