பூனைப்பருந்து ஏன் மரத்தில் தூங்குவதில்லை

அந்தக் காலத்தில் பறவைகளுக்குப் பேச்சு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன். பேச வேண்டிய நேரத்தில் பேசினார்களா என்பது வேறு விஷயம்.

சடைக்கோரை ஏரிக்கு மேலே ஒவ்வொரு ஐப்பசியிலும் வடக்கேயிருந்து பருந்துகள் போகும். காற்றில் வட்டமடித்துக்கொண்டு, கூட்டம் கூட்டமாக, தெற்கே பார்த்துப் போய்விடும். ஒரு வருஷம் ஒரே ஒரு பூனைப்பருந்து மட்டும் கூட்டத்தை விட்டுக் கீழே இறங்கினாள். ஏன் இறங்கினாள் என்று கேட்காதீர்கள். ஏரி பிடித்திருந்தது, இறங்கினாள். அதற்குமா காரணம் சொல்ல வேண்டும்?

முதல் மூன்று நாள் எல்லாரும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். அப்படியொரு பறவை அந்த ஏரியில் இறங்கி யாரும் கண்டதில்லை. நாலாம் நாள் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். அவள் எலியும் தவளையும் பிடித்துத் தின்றாள். பொழுது சாய்ந்தால், மற்றப் பருந்துகளைப் போலவே, கரையிலிருந்த கருவேல மரத்தின் உச்சிக்கிளையில் உறங்கினாள். மரம் முழுக்க நாரைக் கூடுகள். கிளைக்கு நாலு பேர், அஞ்சு பேர். அவள் கிளையில் மட்டும் அவள் ஒருத்திதான்.

அவளோடு பேசியது நாமக்கோழி மட்டும். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம். சம்பங்கோரைக்குள், தண்ணீர் மேலேயே கூடு கட்டி ஆறு முட்டை இட்டிருந்தாள்.

"ஏன்க்கா, உங்க ஊர்ல தண்ணி கல்லாயிடுமாமே?"

"ஆயிடும். மேல நடந்தே போகலாம்."

"பொய்தானே?"

"பொய் சொல்றதுக்கு இவ்வளவு தூரம் ஏன் வரணும்? அங்கேயே சொல்லியிருப்பேனே."

நாமக்கோழி சிரித்த சிரிப்பில் கோரை ஆடியது.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் பேய்மழை பிடித்தது. ஏரி விறுவிறுவென்று ஏறியது. கோரையை முறித்து அடியில் போட்டுக் கூட்டை உயர்த்தாவிட்டால் முட்டைகள் முங்கிவிடும். உயர்த்துவதற்காக எழுந்தால் மழையில் குளிர்ந்து செத்துவிடும். நாமக்கோழி, "அக்கா!" என்று ஒரு சத்தம் போட்டாள். பருந்து வந்து, முட்டைகளின் மேல் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நின்றாள். மழை விடும்வரை அசையவில்லை. நாமக்கோழி கீழே கோரையை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஆறு முட்டையும் தப்பின.

மழை விட்டபோது கருவேல மரத்தில் ஒரு நாரைக்குஞ்சைக் காணோம்.

முதலில் கத்தியது ஆட்காட்டிக் குருவிதான். அவனுக்கு அதுதானே வேலை. "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்! மழை பெய்ஞ்ச நேரம் பூரா உச்சிக்கிளை காலி! எங்க போனா அவ?"

மறுநாள் வெயில் தாழ, ஏரி நடுவே இருந்த மண்திட்டில் பருந்தை நிறுத்தினார்கள். அந்த ஏரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழி சுமந்தவர் திட்டில் நிற்பார். அவரை நம்புகிறவர் தானாக வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். ஒருவர் வந்தாலும் போதும், பழி தீர்ந்தது. கரைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை நேரம். ஆனால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டு வந்தால் அது சாட்சி இல்லையாம், தயவாம். எவ்வளவு அழகான சட்டம் பாருங்கள்! ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் உள்ளவருக்கு எழுதிய சட்டம்.

ஏரிக்குப் பெரியவர், அலகுக்குக் கீழே பை தொங்கும் கூழைக்கடா, கேட்டார்: "மழையில எங்கம்மா இருந்தே?"

"ஒரு கூட்டில இருந்தேன்."

"யார் கூட்டில?"

"சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் வெச்சிருக்கீங்க. வர வேண்டியவங்க வருவாங்க."

குஞ்சைப் பறிகொடுத்த நாரை அழுதுகொண்டே கத்தினாள்: "உன் வளைஞ்ச மூக்கே சொல்லுதே!"

"மூக்கு வளைஞ்சிருந்தா குத்தமா தாயி? பெரியவர் வாயில உங்க பிள்ளைங்க நாலு பேரை உக்கார வைக்கலாம். அவரை யாரும் கேக்கலையே?"

உள்ளான் குருவிகள் கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். கூழைக்கடா சிரிக்கவில்லை.

பிறகு காத்திருந்தார்கள்.

திட்டைச் சுற்றித் தண்ணீர் தெரியாத அளவுக்குப் பறவைகள். திட்டில் ஒருத்தி. பக்கத்தில் ஈரமண். கோரை ஓரத்தில் நாமக்கோழியின் வெள்ளை நாமம் தெரிந்தது. பருந்து பார்த்தாள். நாமக்கோழியும் பார்த்தாள். நீந்தி வர இருபது துடுப்புத் தூரம்கூட இல்லை.

நாமக்கோழிக்கும் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பருந்தைக் கூட்டுக்குள் விட்டவள் என்று தெரிந்தால் அவளையும் கோரையை விட்டுத் துரத்துவார்கள். முட்டைகள் பொரிய இன்னும் இரண்டே நாள். அவள் ஒரு முறை காலை அடித்து முன்னே வந்தாள். பக்கத்திலிருந்த இன்னொரு நாமக்கோழி, "எங்கடீ போறே?" என்றது.

"எங்கேயும் இல்ல" என்றாள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பாசி தேடுவது போல இருந்தாள்.

சூரியன் கரைக்குப் பின்னால் இறங்கியது. பக்கத்து மண்ணில் ஒரு காலடிகூடப் பதியவில்லை.

"இந்த ஏரியில எந்த மரமும் உனக்கு இல்ல" என்றார் கூழைக்கடா.

பருந்து வாதாடவில்லை. நானாயிருந்தால் அந்தத் திட்டைவிட்டு நகர்ந்திருக்க மாட்டேன். நாமக்கோழியின் பேரை ஏரி முழுக்கக் கேட்கக் கத்தியிருப்பேன். இவள் கத்தவில்லை. பறந்து போய், ஏரிக்கு அப்பால் புல்தரையில் இறங்கி, சிறகை ஒடுக்கிப் படுத்தாள்.

மாசியில் தண்ணீர் வற்றியது. கருவேல மரத்தடிச் சேற்றில் குஞ்சின் எலும்பு கிடந்தது, கூட்டுச் சுள்ளிகளோடு சேர்ந்து. காற்று தள்ளியிருக்கிறது. முதலில் பார்த்தவன் ஆட்காட்டி. எல்லாவற்றுக்கும் கத்துகிறவன் அன்றைக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பருந்து குஞ்சுகளைத் தின்னாதா என்று கேட்பீர்கள். இப்போது தின்னும். ஊரே சேர்ந்து ஒரு பேரை வைத்துவிட்டால், பசிக்கிற நாளில் அந்தப் பேருக்குத் தகுந்தபடி நடக்க எவ்வளவு நேரமாகும்?

அடுத்த ஐப்பசியில் அவள் திரும்பவும் வந்தாள். கோரைக்கு மேலே, கோரையைத் தொடுகிற மாதிரி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு மெதுவாகப் பறந்தாள். நாமக்கோழியைக் கண்டதும் காற்றில் நின்றாள்.

"குஞ்சுங்க பொரிஞ்சுதா?" என்றாள். அதை மட்டும்தான் கேட்டாள்.

நாமக்கோழி தண்ணீரைக் காலால் அடித்துக்கொண்டு, விழுந்தடித்துக் கோரைக்குள் ஓடி ஒளிந்தாள். அவள் ஓடுவதைப் பார்த்து மற்ற நாமக்கோழிகளும், எதற்கென்றே தெரியாமல், ஓடின.

அன்று முதல்தான் பூனைப்பருந்து மரத்தை நாடாமல் புல்தரையில் உறங்குகிறது. பகலெல்லாம் கோரைக்கு மேலே தாழப் பறந்து யாரையோ தேடுகிறது. அதன் நிழல் பட்டதும் நாமக்கோழிகள் வெட்கத்தில் ஓடி ஒளிகின்றன, கரையில் நிற்கும் நாம் அதைப் பயம் என்று சொல்லிக்கொள்கிறோம்.