எருமை நிழலும் ஆட்காட்டியோட தொண்டையும்

அந்தக் காலத்துல காக்கா, கழுதை, ஓணான்னு எல்லாமே வாய் ஓயாம பேசிக்கிட்டுத் திரிஞ்சுதுங்க. சத்தமே போடாத ஒரே ஆளு ஆட்காட்டிக் குருவிதான். ஆத்தங்கரைப் பக்கம் போனவங்க இதை நம்ப மாட்டீங்க. நம்பாட்டிப் போங்க, நடந்தது அதுதான்.

சித்தாறுங்கிற ஆத்தோட கரையில வெள்ளத்தாயின்னு ஒரு ஆட்காட்டி இருந்தா. குரல் குசுகுசுன்னுதான் வரும். வாயில மிச்சம் பிடிச்சதையெல்லாம் கண்ணுக்குக் குடுத்திருந்தா. சந்தேகம்னா அப்படி ஒரு சந்தேகம். பசு தலையைக் குனிஞ்சு மேஞ்சா, தரையில என்னத்தைத் தேடுதுன்னு பார்ப்பா. நிமிந்தா, ஏன் தேடுறதை நிறுத்திடுச்சுன்னு பார்ப்பா.

ஒரு சித்திரையில ஆறு வத்தி, அங்கங்க மடுவுல மட்டும் தண்ணி நின்னுச்சு. சுத்துவட்டாரத்துப் புல்லெல்லாம் கருகிப்போக, ஆடு மாடெல்லாம் வருசா வருசம் மாதிரி ஆத்தோரமாவே நடந்து, மலையடிவாரத்துப் புல்வெளிக்குக் கிளம்பிடுச்சுங்க. கோயில் கொடைக்குத் திருவிழா பார்க்கப் போற மாதிரி கூட்டந்தான். அந்த நேரம் பார்த்து வெள்ளத்தாயி நாலு முட்டை இட்டா. அப்பல்லாம் ஆட்காட்டி முட்டை சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கும். வழியில போறவன் கண்ணு முதல்ல அதுலதான் விழும்.

மரத்துல கூடு கட்டுவோம்னு புருசன் மூக்கன் சொன்னான். மரத்துல அணில் இருக்கானே, எப்பப் பாரு ஓடிக்கிட்டே இருக்கான், தப்பு பண்ணாதவன் எதுக்கு ஓடணும்னு கேட்டா. புதருக்குள்ள வைப்போம்னான். புதர் அசையுது, காத்துன்னு சொல்றாங்க, யாரு கண்டான்னா. கடைசியில அவளே ஒரு வேலை செஞ்சா. கரம்பை மண்ணைத் தண்ணியில குழைச்சு, அலகால தொட்டுத் தொட்டு முட்டை பூரா புள்ளி வச்சா. அசல் கூழாங்கல்லு. கூடு இருந்தா தேடி வருவாங்கன்னு கூடும் கட்டலை. வத்திக் கிடந்த ஆத்துக்குள்ள கல்லோட கல்லா வச்சிட்டா. எந்த இடம்னு மூக்கனுக்கே சொல்லலை. கேட்டதுக்கு, உங்களுக்குக் காக்கா சகவாசம் ஜாஸ்தின்னுட்டா.

வச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போனா. திரும்பி வந்து பார்த்தா ஆறு முழுக்க முட்டை. இல்லைன்னா ஆறு முழுக்கக் கல்லு. ரெண்டுல எதுன்னு அவளுக்கே தெரியலை.

வெயில் ஏறுது. உச்சிக்கு வந்துட்டா நாலும் அவிஞ்சுபோகும். யார்கிட்டயாவது கேட்கலாம். கேட்டா, இங்க முட்டை இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அதனால இங்க கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தா, கல்லு. அங்க போய் உட்கார்ந்தா, அதுவும் கல்லு. என்னடி பண்றேன்னு மூக்கன் கேட்டான். கால் வலிக்குன்னுட்டா.

அப்பதான் கட்டையன் கண்ணுல பட்டான். கூட்டத்தோட நடந்து வந்த கிழட்டு எருமை. கூட்டம் தாண்டிப் போயி ரொம்ப நேரமாச்சு. பக்கத்துலயே மடு, கழுத்து முட்டத் தண்ணி. இவன் அதுல இறங்காம நட்டநடு வெயில்ல கல்லு மேல நிக்கிறான். சித்திரை வெயில்ல தண்ணிக்கு வெளிய நிக்கிற எருமையை யாராவது பார்த்திருக்கீங்களா? வெள்ளத்தாயிக்கு இறகெல்லாம் சிலிர்த்துடுச்சு. வாயில வேற என்னத்தையோ மெல்லுறான்.

"என்ன அண்ணாச்சி, குளிக்கப் போகலையா?"

"போகணும் தாயி. நீ இந்தப் பக்கம் வா, நான் போறேன்."

"நான் எதுக்கு அங்க வரணும்? வாயில என்ன?"

"காலையில தின்ன புல்லு."

"காலையில தின்னதை இப்ப எதுக்கு மெல்லுதீய?"

கட்டையன் மெதுவா மேல பார்த்தான். மேல மருத மரத்துல காக்கா ஒண்ணு தலையைச் சாய்ச்சு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் கட்டையன் விசயத்தை வாயால சொல்லலை. கண்ணைத் தாழ்த்தித் தரையைக் காட்டினான். திரும்பவும் காட்டினான்.

இவனுக்குக் கண்ணடிக்கிற வயசா இதுன்னு வெள்ளத்தாயி கொதிச்சுட்டா. என் முட்டையைத் தின்னுட்டு, மென்னுக்கிட்டே நிக்கிறான்னு முடிவே பண்ணிட்டா. வாழ்க்கையில முதல் தடவையா வாயைத் திறந்து கத்தினா பாருங்க, பள்ளத்தாக்கே அதிர்ந்துச்சு. காக்கா பதறிப் பறந்துடுச்சு. பாய்ஞ்சு போய்க் கட்டையன் கண்ணோரத்துல கொத்தினா. ரத்தம் வந்துச்சு.

கட்டையன் திருப்பி ஒண்ணும் செய்யலை. ஒவ்வொரு காலா, பார்த்துப் பார்த்துத் தூக்கி வச்சு வெளிய வந்தான். புல்வெளிப் பக்கமா நடந்துட்டான்.

அவன் நின்ன இடத்துல, நாலு குளம்புத் தடத்துக்கு நடுவுல, நாலு முட்டை. தொட்டுப் பார்த்தா. குளுகுளுன்னு இருந்துச்சு. சுத்தி இருந்த கல்லெல்லாம் கொதிக்குது. அப்பதான் அவளுக்கு விளங்குச்சு, இவ்வளவு நேரமும் வெயிலை யாரு முதுகுல வாங்கியிருக்காங்கன்னு.

இப்ப அந்த வெயில் நேரா முட்டை மேல விழுது. மடுவுக்கு ஓடி வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து மேல உட்கார்ந்தா. காஞ்சதும் திரும்ப ஓடினா. நடுவுல பறந்து போய், அண்ணாச்சி, திரும்பி வாங்கன்னு கட்டையனைக் கூப்பிட்டா. தொண்டைதான் கிழிஞ்சு கிடக்கே, வந்தது அதே கத்தல்தான். இன்னும் கோவம் தீரலை போலன்னு அவன் வேகமா நடந்தான்.

சாயங்காலத்துக்குள்ள முட்டை நாலும் தப்பிச்சுடுச்சு. கட்டையன் மட்டும் வரவே இல்லை.

அன்னிக்குத் தொடங்கினதுதான், ஆட்காட்டி கல்லு நிறத்துல முட்டை போட்டு, வயித்தை நனைச்சு நனைச்சு அடைகாக்குறதும், ஆத்தோரம் யாரு நடந்தாலும் தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துறதும். அது கூப்பிடுற சத்தம்னு தெரியாம, நாமளும் நடையை எட்டிப் போட்டுடுறோம்.