ஒரு லட்சமாவது நோயாளி

ஒரு தவறுக்கு யார் பெயரை எழுதுவது என்று மூன்று பேர் முட்டிக்கொண்ட கதை இது. மூவரில் ஒருவர்கூடப் பொல்லாதவர் இல்லை. தீர்ப்பைக் கடைசியில் உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்; கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சென்னையில் முப்பது வருடமாக நடக்கிற ஒரு பெரிய மென்பொருள் கம்பெனி. அங்கே பதினாறு வருடமாக வேலை பார்ப்பவர் நூர்ஜஹான். மருத்துவமனைகளுக்கான மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. அதை எழுதியவர் அமலதாஸ், அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர். எட்டு மாதத்துக்கு முன் அமலதாஸ் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பத்து நாலு வயது. கம்பெனி ஒரு மலர்வளையமும், ஊழியர் அனைவருக்கும் ஐந்து வரி மின்னஞ்சலும் அனுப்பியது.

அவர் பார்த்த வேலை வளர்மதியிடம் வந்தது. பிள்ளை வளர்க்க ஆறு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடியவர் வளர்மதி. போன இடமெல்லாம் ‘நடுவில் ஏன் இத்தனை வருட இடைவெளி?’ என்று திருப்பி அனுப்பினார்கள். இங்கே நேர்முகத் தேர்வில் அவருக்காக வாதாடி உள்ளே கொண்டுவந்தவர் அமலதாஸ்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்த மென்பொருள் ஓடுகிற ஒரு மருத்துவமனையில் ஒரு லட்சமாவது நோயாளி பதிவானார். நோயாளி எண்ணுக்கு ஐந்து இலக்கத்துக்குத்தான் அதில் இடம். எண் சுற்றிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. புதிதாக வந்த ஒரு பெண்ணின் பெயரில் பழைய நோயாளி ஒருவரின் மருந்துச்சீட்டு திறந்தது. அந்த மருந்தையே ஏற்றிவிட்டார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் கிடந்துதான் அவர் பிழைத்தார்.

மருத்துவமனை விளக்கம் கேட்டது. கம்பெனியின் அறிக்கைப் படிவத்தில் ‘தவறுக்குப் பொறுப்பானவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பெயர் எழுதத்தான் இடம். எழுத வேண்டியவர் நூர்ஜஹான். மேலாளர் சிவசைலம் அவரையும் வளர்மதியையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“தாஸ் பேரைப் போடுங்க.”

“செத்துப்போனவர் சார் அவர்,” என்றார் நூர்ஜஹான்.

“அதனாலதாம்மா சொல்றேன். அவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது? வளர்மதி பேரைப் போட்டா நாளைக்கே இவங்க வீட்டுக்குப் போகணும். என் பேரைப் போட்டா டீமையே கலைச்சிடுவாங்க. பதினோரு குடும்பம். யோசிச்சுப் பாருங்க.”

நூர்ஜஹானுக்குக் காதெல்லாம் கொதித்தது. இரண்டு வருடத்துக்கு முன் அமலதாஸ் இதே சிவசைலத்துக்கு எழுதிய மின்னஞ்சலின் பிரதி அவருக்கும் வந்திருந்தது. ‘சின்ன கிளினிக்குக்காக அவசரமாகச் செய்தது இது. எண் தீர்ந்துபோகும். இரண்டு வாரம் கொடுங்கள், மாற்றிவிடுகிறேன்.’ சிவசைலத்தின் பதில் ஒரே வரி: ‘வாடிக்கையாளர் கேட்காத வேலை, அப்புறம் பார்க்கலாம்.’ அதைப் படித்துவிட்டு நூர்ஜஹானும் சும்மாதான் இருந்தார். வளர்மதிக்கோ அந்த மின்னஞ்சலை யாரும் காட்டியதே இல்லை.

“இன்னும் ஆறு ஆஸ்பத்திரியில இதேதானே சார் ஓடுது?”

“அங்கெல்லாம் லட்சம் தொட ரெண்டு வருஷம் ஆகும். தாஸோட கவனக்குறைவுன்னு இதை முடிங்க. அதை அப்புறம் பார்க்கலாம்.”

மறுபடியும் அப்புறம்! நூர்ஜஹான் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வீடியோவில் கூட்டம். திரையில் மருத்துவமனைக்காரர்கள் ஐந்து பேர், இந்தப் பக்கம் இவர்கள் மூவர். சிவசைலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்க டீம்ல இருந்த ஒருத்தர், இப்போ அவர் உயிரோட இல்லை...” என்று ஆரம்பித்தார். பெயர் வெளியே வருவதற்குள் வளர்மதி குறுக்கிட்டார்.

“தப்பு என்னோடது. இப்போ இந்த வேலையைப் பார்க்கறது நான்தான். நான்தான் கவனிக்கலை.”

சிவசைலம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். அதைத்தான் நூர்ஜஹானால் தாங்க முடியவில்லை.

“இவங்க சொல்றது பொய்,” என்று சொல்லி, அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் திரையில் போட்டார். “எழுதினவர் எச்சரிக்கை பண்ணினார். இவர் தள்ளிப்போட்டார். படிச்சுட்டு நான் வாயைத் திறக்கலை. இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. சாஃப்ட்வேர்லயே கோளாறு. ஓடுற எல்லா இடத்துலயும் இருக்கு.”

ஒரே வாரத்தில் சிவசைலத்தின் பதவி போனது. டீம் கலைந்தது. வாடிக்கையாளர் முன்னால் பொய் சொன்னதாக வளர்மதியை வேலையை விட்டே நீக்கினார்கள். நூர்ஜஹானை வேலையே இல்லாத ஒரு பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

போகிற அன்று, லிஃப்டுக்குப் பக்கத்தில் வளர்மதி பொரிந்து தள்ளினார். “காப்பாத்துங்கன்னு நான் கேட்டேனா உங்ககிட்ட? தாஸ் சாருக்கு என்னால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் கெடுத்துட்டீங்களே!”

இப்போது சொல்லுங்கள். இருப்பவர்களின் பிழைப்புக்காக இறந்தவர் மேல் பழி போடப் பார்த்தார் சிவசைலம். நன்றிக்காகப் பழியைத் தானே வாங்கிக்கொண்டார் வளர்மதி. உண்மையைச் சொல்லி எல்லோரையும் கவிழ்த்தார் நூர்ஜஹான். மூவரில் யார் செய்தது சரி?

விடை: நூர்ஜஹான்தான். வளர்மதியின் மனசு பெரியது. ஆனாலும் சிவசைலத்தின் பொய்யும் அவருடைய பொய்யும் போய்ச் சேர்கிற இடம் ஒன்று. யாரோ ஒரு ஆளின் கவனக்குறைவு என்று ஆகிவிட்டால், மென்பொருளில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அந்த அறையில் இருந்தவர்களையும் அவர்களுக்கு வேண்டியவர்களையும் மட்டுமே இருவரும் நினைத்தார்கள். நூர்ஜஹான் போட்டு உடைத்த பிறகுதான் மற்ற ஆறு மருத்துவமனைகளும் தங்கள் பதிவுகளைத் திறந்து பார்த்தன. ரெண்டு வருஷம் என்று சிவசைலம் சொன்னது பார்த்துச் சொன்னதே அல்ல. ஓரிடத்தில் லட்சம் தொட இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அங்கே உடனே சரிசெய்துவிட்டார்கள். இந்தச் செய்தியைச் சொல்ல நூர்ஜஹான் எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டார். வளர்மதி இன்றுவரை போனை எடுக்கவில்லை.