கட்டில்காலுக்கு நாலு செங்கல்

வேளாங்கரை என்று ஒரு நகரம். நகரம் என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள், அவ்வளவு சின்னது. ஒரு ஆறு, ஒரு பேருந்து நிலையம், முப்பது வார்டு. அங்கே நகராட்சிப் பொறியாளர் மாசிலாமணி. ஐம்பத்திரண்டு வயது.

அவருக்கு ஒரு குரு இருந்தார். பெயர் சலேத்தம்மா. சீடரைவிடப் பத்து வயது இளையவர். ஆசிரமம், காவி ஒன்றும் கிடையாது. அரசு மருத்துவமனை நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, ஆறாத புண்ணோடு கிடக்கிறவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடுகிறவர். மாசிலாமணியின் மனைவி படுத்துக் கிடந்தபோது அவர் வீட்டுக்கும் வந்தார். மனைவி எழுந்து நடந்த பிறகும் மாசிலாமணி மட்டும் அவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருந்தது. மாசிலாமணி ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். ஊருக்கான காலநிலைச் செயல்திட்டம். இனி வரப்போகிற வெயிலுக்கும் மழைக்கும் ஊர் என்ன செய்யப்போகிறது என்று எழுதி, வெள்ளிக்கிழமை மன்றத்தில் வைக்க வேண்டும்.

ஒரு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் பக்கத்து ஊரில் பெய்த மழையில் ஒரு தெருவே போயிருந்தது. எச்சரிக்கை எட்டாத தெரு. அந்த ஊர்ப் பொறியாளர் இவரோடு படித்தவர். இப்போது அவர் யாரோடும் பேசுவதில்லை.

மாசிலாமணி வரைபடத்தை விரித்தார். வெள்ளம் ஏறுகிற இடமெல்லாம் சிவப்பு. சிவப்புத் தெருவுக்குப் படகு வரும், தண்ணீர் இறைக்க மோட்டார் வரும், முன்கூட்டியே சங்கு ஊதும். மதகுத் தெரு மட்டும் வெள்ளையாக இருந்தது. பள்ளத்தில் கிடக்கிற தெருதான். ஆனால் கணக்கெடுக்கப் போனவர்களிடம் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததே இல்லையாம்.

"யாரையாவது விட்டுட்டேனோன்னு பயமா இருக்கும்மா. நீங்க ஒரு பார்வை பாருங்க."

சலேத்தம்மா படத்தைப் பார்க்கவில்லை. பஞ்சும் மருந்தும் இருந்த பையை அவர் கையில் கொடுத்தார்.

"மதகுத் தெருவுலதான் இன்னைக்கு ஒரு கட்டு மாத்தணும். வாங்க."

சுடலைவடிவு என்கிற பெண்ணின் வீடு அது. அவள் மாமனார் கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தார். குதிகாலில் சர்க்கரைப் புண். கழுவுகிற தண்ணீரைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார் சலேத்தம்மா. மாசிலாமணி பேசினை வாங்கிக்கொண்டு தரையில் குத்தவைத்தார்.

"யாரு இது புதுசா?" என்று கேட்டார் பெரியவர். நகராட்சி இன்ஜினியர் என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "அடுத்த வாரம் கலெக்டரைக் கூட்டிட்டு வா நர்ஸம்மா. எனக்கு ரெண்டு காலு இருக்குல்லா."

மாசிலாமணி சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு நேராகக் கட்டில்கால் இருந்தது. அதன் அடியில் நாலு செங்கல். மூன்றாவது செங்கல் வரை சேறு காய்ந்த தடம். தலையைத் திருப்பினார். பீரோவுக்கு அடியிலும் நாலு. அரிசிப் பானை பரண் மேல் இருந்தது.

கட்டிலை எதற்கு உயர்த்தியிருக்கிறது என்று சுடலைவடிவிடம் கேட்டார்.

"அடியில பெருக்கத் தோதா இருக்கும்லா சார்" என்றாள்.

சலேத்தம்மா புண்ணை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. கட்டு முடிந்ததும் மாசிலாமணி எழுந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அங்கேயும் நாலு. எதிர் வீட்டில் மூன்று. அதற்கு அடுத்த வீட்டில் கட்டிலைக் கயிறு கட்டி உத்திரத்திலேயே தொங்க விட்டிருந்தார்கள். திரும்பி வந்து சுடலைவடிவின் முன்னால் நின்றார்.

"பொய் சொல்லியிருக்கீங்களே" என்றார். "சிவப்பு பூசலைன்னா படகு வராது, சங்கு ஊதாது. மாமனாரால எழுந்து நடக்கக்கூட முடியாது. என்ன செய்வீங்க?"

சுடலைவடிவு முற்றத்துத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பூசினா எங்களைத் தூக்கிக் கொண்டுபோய் மலைக்கு அந்தப் பக்கம் போட்டுருவிய. கீழத்தெருவுக்கு அதுதானே நடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு விடியுமுன்ன மீன் மார்க்கெட்டுல நிக்கணும். அங்கருந்து முதல் பஸ்ஸே ஏழு மணிக்கு. தண்ணி வருஷத்துல நாலு நாள் வரும் சார். பசி தினமும் வரும்."

மாசிலாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுதினால் வீடு போகும். எழுதாவிட்டால் உயிர் போகும். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

"எதைம்மா எழுத?" என்று குருவிடம் கேட்டார்.

சலேத்தம்மா கையைக் கழுவித் துடைத்தார். வரைபடத்தை வாங்கித் தரையில் விரித்தார். இது ஆறு, இது மார்க்கெட், இது உங்க தெரு என்று சுடலைவடிவுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு மாசிலாமணியின் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"தண்ணி எங்க நின்னு இங்க திரும்புதுன்னு காட்டு வடிவு."

அவள் யோசிக்கவே இல்லை. தெருவிலிருந்து ஓடையோடு போய், ஓடை ஆற்றில் விழுகிற இடத்துக்கு முன்னால் பென்சிலை நிறுத்தினாள். அங்கே ஒரு சதுரம் இருந்தது. நகராட்சியின் புதுக் கடை வளாகம்.

"இதைக் கட்டுறதுக்கு முன்னால வாசல் நனையும், அவ்வளவுதான். ஓடையை அடைச்சுக் கடையக் கட்டி, அடியில ஒரு குழாயைப் பதிச்சாக. ஒரு குழந்தை தவழ்ந்து போற அளவு. மூணு வருஷமாத்தான் செங்கல்லு."

சதுரத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போட்டாள். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

மாசிலாமணி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயின் அளவு அவருக்கு அங்குலம் வரை தெரியும். கடை வளாகத்தின் கட்டட வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

இருவரும் வெளியே வந்து தெருமுனை வரை நடந்தார்கள். அங்கே மாசிலாமணிக்குப் பேச்சு கொட்டியது. கடைகளை இடித்து ஓடையைத் திறப்பது ஆகிற காரியம் இல்லை என்றார். மன்றத்தில் பாதிப் பேருக்கு அங்கே கடை இருக்கிறது, தன்னை வெள்ளிக்கிழமையே மாற்றிவிடுவார்கள் என்றார். சலேத்தம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நடந்தார்.

"என்னை விடுங்கம்மா. எழுபது கடை. திடீர்னு கிளம்புன்னா எங்க போவாங்க? அவங்க பொழப்பு என்ன ஆகும்?"

சலேத்தம்மா நின்றார்.

"இப்பக் கடைக்காரங்களுக்காகக் கேட்டீங்களே, அந்தக் கேள்வியைத் திட்டத்தோட முதல் பக்கத்துல எழுதுங்க" என்றார். "எழுதிட்டு, அப்புறம் எங்க வேணும்னாலும் சிவப்பு பூசுங்க."